நாக்கில் சர்க்கரையை ‘அழித்துக் காட்டும்’ பொடி: குடியாத்தம், வேலூர் பக்கத்துக்காரர்கள் கவனத்துக்கு

எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் ‘இலவச சர்க்கரை நோய் பரிசோதனை முகாம்’ என்று ஒரு கும்பல் நடத்திக்கொண்டிருக்கிறது. காலையில் பேப்பருக்குள் நோட்டீஸ் வைத்து அனுப்புகிறார்கள். பரிசோதனை இலவசம்தான். அதற்கப்புறம் தலையில் கட்டும் பொடியும் கேப்சூலும் மூன்று மாத கோர்ஸுக்கு 9,600 ரூபாய். குடியாத்தத்தில் இருக்கும் என் பெரியப்பா வாங்கினார். பணம் போனதைக்கூட விட்டுவிடலாம், அவருக்குக் கால் போயிருக்கும்.

பரிசோதனையிலேயே ஏமாற்று தொடங்கிவிடுகிறது. பெரியப்பா இட்லி சாப்பிட்டு, சர்க்கரை போட்ட டீயும் குடித்துவிட்டுப் போயிருக்கிறார். எப்போது சாப்பிட்டீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. விரலில் குத்திப் பார்த்ததில் 248. “நார்மல் 126க்குள்ள இருக்கணும் ஐயா, உங்களுக்கு டபுள்” என்று பயமுறுத்திவிட்டார்கள். 126 என்பது வெறும் வயிற்றில் எடுக்கும் அளவுக்கான எல்லை. சாப்பிட்ட பிறகு, சிகிச்சையில் இருப்பவருக்கு 180க்குள் இருந்தால் போதும் என்பார்கள். 248 அதிகம்தான், ஆனால் அதை 126ஓடு ஒப்பிட்டது அப்பட்டமான பொய்.

அடுத்து அவர்கள் செய்ததை ஒவ்வொருவரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு சிட்டிகைப் பொடியை நாக்கில் தடவி, கொஞ்ச நேரம் கழித்து ஒரு ஸ்பூன் சீனியைக் கொடுத்திருக்கிறார்கள். இனிப்பே இல்லை, ஆற்று மணலை மென்ற மாதிரி இருந்ததாம். “பாத்தீங்களா ஐயா, நாக்குலயே சர்க்கரையை அழிச்சிடுச்சு. ரத்தத்துல போனா என்ன பண்ணும்னு யோசிங்க!” மண்டபமே அசந்துபோயிருக்கிறது.

அது சிறுகுறிஞ்சான் இலைப் பொடி. அதை யார் மென்றாலும் சிறிது நேரத்துக்கு இனிப்பு தெரியாது. நாக்கில் இனிப்பை உணரும் இடங்களை அதிலுள்ள சத்து மறைத்துவிடுகிறது, அவ்வளவுதான். சீனி அப்படியே வயிற்றுக்குள் போகிறது, ரத்தத்தில் ஏறுகிறது. அந்த வித்தைக்கும் ரத்தச் சர்க்கரைக்கும் சம்பந்தமே இல்லை.

பொடியோடு ஒரு உணவு அட்டவணையும் கொடுத்தார்கள். டீயில் சர்க்கரை கூடாது, வர்க்கி கூடாது, ராத்திரி சோறு கூடாது, தினமும் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். பெரியப்பா சொன்னால் சொன்னபடி செய்கிற மனிதர். கவுண்டன்யா ஆற்றுப்பக்கம் போய்வர ஆரம்பித்தார். ஏற்கெனவே சாப்பிட்டுவந்த சர்க்கரை மாத்திரையையும் விடவில்லை. சர்க்கரை இறங்கியது. இறங்காமல் என்ன செய்யும்? இந்தக் கட்டுப்பாட்டுக்குப் பொடியே இல்லாமல்கூட இறங்கியிருக்கும். ஆனால் பேர் முழுக்கப் பொடிக்குப் போயிற்று.

அந்த நேரம் பார்த்து அவர்களிடமிருந்து போன். “இங்கிலீஷ் மாத்திரை இனிமே வேணாம், கிட்னி பூடும்.” கட்டுப்படாத சர்க்கரைதான் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மெட்ஃபார்மின் போன்ற மாத்திரையை, சிறுநீரகம் ஏற்கெனவே பழுதாகியிருந்தால் டாக்டர் குறைப்பார் அல்லது நிறுத்துவார். அதை ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், போனில் பேசுகிற விற்பனைக்காரர் அல்ல.

பெரியப்பா மாத்திரையை நிறுத்திவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து கொடுக்கும் அம்மாதான் கண்டுபிடித்தார். சர்க்கரை 300ஐத் தாண்டியிருக்கவே சந்தேகப்பட்டுக் கேட்டிருக்கிறார். பெரியம்மா முறுக்கு டின்னைத் திறந்து காட்டினால், பிரிக்காத மாத்திரை அட்டைகள் அப்படியே அடுக்கி இருந்திருக்கின்றன.

பெரியப்பா லுங்கித் தறி நெய்பவர். குழித்தறியில் வெறுங்காலால் மிதித்து மிதித்து கட்டைவிரல் ஓரம் தோல் உரிந்திருக்கிறது. சர்க்கரைக்காரர் என்பதால் வலி தெரியவில்லை. நான் பார்க்கும்போது புண் சீழ் பிடித்து, சுற்றிலும் கறுத்திருந்தது. அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 11க்கு மேல் இருந்தது. புண்ணைச் சுத்தம் செய்து, இன்சுலின் போட்டுத்தான் விரலைக் காப்பாற்றினார்கள்.

அப்புறம்தான் அந்த டப்பாவைக் கையில் எடுத்துப் படித்தேன். மேடையில் ‘அரசு அங்கீகாரம்’ என்று காட்டிய 14 இலக்க எண், எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமம். அது உணவுப் பொருள் விற்பதற்கான உரிமம், நோயைக் குணப்படுத்தும் என்பதற்கான சான்று அல்ல. அதற்குக் கீழேயே பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று போட்டிருக்கிறது. வாயால் தமிழில் சொன்னது ஒன்று, அச்சில் இருப்பது வேறொன்று.

வெந்தயம், பாகற்காய், நாவல் கொட்டை எல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை. வெந்தயத்தின் நார்ச்சத்து சர்க்கரை ஏறும் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், சாப்பாட்டோடு தாராளமாகச் சேருங்கள். பட்டை, குரோமியம் பற்றிய ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. சர்க்கரையைக் குறைப்பதற்கென்று இவற்றை அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் சிகிச்சை நெறிமுறை பரிந்துரைப்பதும் இல்லை. மெட்ஃபார்மின் வெகுகாலம் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அப்போது டாக்டரே பி12 எழுதித் தருவார். அது குறைபாட்டைச் சரிசெய்ய, சர்க்கரையை இறக்க அல்ல.

இன்னொன்று. வெளிநாடுகளில் ‘மூலிகை’ என்று விற்ற சில பொருட்களில் கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரையையே கலந்திருந்ததைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அப்படிப்பட்டதை மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் சர்க்கரை 70க்கும் கீழே போய் ஆளே மயங்கி விழலாம். எந்தப் பொடி சாப்பிட்டாலும் டப்பாவோடு டாக்டரிடம் காட்டுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். கோர்ஸை முழுதாக முடிக்கவில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டு மருந்து மற்றும் மாய நிவாரணச் சட்டப்படி குற்றம். அவர்கள் நோட்டீஸை பத்திரமாக வைத்திருந்ததால் புகாரோடு இணைக்க முடிந்தது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தாயிற்று, அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரைக்குமான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. வாங்கி ஏமாந்தவர்கள் பில், டப்பா, நோட்டீஸ் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

அடுத்த முகாம் பேர்ணாம்பட்டில் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.