ரெண்டு டிஸ்க் இருந்தா பத்திரம்னு நம்பி 18,800 ரூபாயும் போச்சு, போட்டோவும் போச்சு

மூணு நாளா தூக்கம் இல்ல. வீட்டு கம்ப்யூட்டருக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் போதுமா, இல்ல ரெய்ட் (RAID, ரெண்டு மூணு டிஸ்க்க ஒண்ணா சேத்து ஓட்டுறது) போடலாமான்னு யோசிக்கிறவங்க இத படிச்சுட்டு கடைக்குப் போங்க. என்னென்ன பாத்து வாங்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன்.

எங்க வீடு கடலூர் மஞ்சக்குப்பம். 2011 டிசம்பர்ல தானே புயல் அடிச்சப்ப ஓடு பறந்து, பீரோ மேல இருந்த ஆல்பமெல்லாம் ஊறிப்போச்சு. தப்பிச்ச போட்டோவ ஒண்ணொண்ணா காய வச்சு ஸ்கேன் பண்ணி, எங்கப்பா பேசுன ரெண்டு வீடியோ, பசங்க மொட்டை, காதுகுத்து எல்லாத்தையும் ஒரே ஹார்ட் டிஸ்க்ல வச்சிருந்தேன். அது பழசாயிடுச்சே, ஒண்ண மட்டும் நம்பி இருக்கக் கூடாதேன்னுதான் 14 மாசம் முன்னாடி பஸ் ஏறி பாண்டிச்சேரி போனேன். கம்ப்யூட்டர் பார்ட்ஸ் விக்கிற கடை, கண்ணாடிக் கதவு, ஏசி, நல்ல கூட்டம். கேஸ் போடப் போறேன், அதனால பேர் இப்ப சொல்லல.

நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "போட்டோ பத்திரமா இருக்கணும் தம்பி." அந்தப் பையன் டீ வரவழைச்சு குடுத்துட்டு, "அப்ப ரெய்ட் போட்டுடலாம்ண்ணே, ரெண்டு டிஸ்க், ஒண்ணு போனாலும் இன்னொண்ணு காப்பாத்தும், பேங்க்லயே இதான்"னு சொன்னான். 2 டிபி டிஸ்க் ரெண்டு 12,400, ரெய்ட் கார்டு 3,900, செட் பண்ணி காப்பி பண்ணித் தர 3,000. பழைய டிஸ்க்க குடுத்துட்டா 500 கழிச்சுக்கறேன்னான், குடுத்துட்டேன். மொத்தம் 18,800. இருந்த ஒரே வேற காப்பி அந்த 500 ரூபாயில போச்சு, அத நெனச்சாதான் வயிறு எரியுது. கடைசியா மானிட்டர என் பக்கம் திருப்பி, "பாருங்கண்ணே, 3.63 டிபி, ரெண்டும் சேந்து ஒரே டிரைவா தெரியுது"ன்னான். எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

அந்த 3.63லதான் எல்லாமே இருக்கு. ஒரே ஃபைல ரெண்டு டிஸ்க்லயும் எழுதி வச்சா இடம் பாதிதான காட்டணும்? மிரர், அதாவது ரெய்ட் ஒன் போட்டிருந்தா 1.81தான் வந்திருக்கும். இவன் போட்டது ரெய்ட் ஜீரோ, ஸ்ட்ரைப். ஒரு ஃபைல துண்டு துண்டா வெட்டி இதுல ஒரு துண்டு அதுல ஒரு துண்டுன்னு எழுதும், வேகம் கிடைக்கும், ஆனா ரெண்டுல எது செத்தாலும் மொத்தமும் காலி. ஒத்த டிஸ்க்க விட மோசம். அக்கா பையன் சொல்லித்தான் இதெல்லாம் எனக்கே தெரியும். 1988ல அமெரிக்காவுல பெர்க்லி யூனிவர்சிட்டியில ரெய்ட் பத்தி எழுதுன கட்டுரையில ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும்தான் இருந்துச்சாம், ஜீரோ பின்னாடி வந்து சேந்துகிட்ட பேராம்.

வியாழக்கிழமை கரண்ட் போயிட்டு வந்துச்சு. கம்ப்யூட்டர ஆன் பண்ணா டக் டக்னு சத்தம், ஸ்க்ரீன்ல ரெய்ட் ஃபெயில்டுன்னு சிவப்புல வருது. இன்னொண்ணுதான் இருக்கேன்னு தைரியமா இருந்தேன்.

கடைக்கு போன் பண்ணா "இன்ஜினியர் சைட்டுக்குப் போயிருக்காரு". சாயங்காலம் பண்ணா "நாளைக்கு". மறுநாள் நேர்லயே போயிட்டேன். "நீங்க ரெய்ட் கேட்டீங்க, போட்டுக் குடுத்தோம். வாரண்டி டிஸ்க்குக்குதாண்ணே, உள்ள இருக்கறதுக்கு இல்ல." அந்தப் பையன் இப்ப வேலையில இல்லையாம். ஓனர் தலைய நிமித்தாம "சென்னையில ரெக்கவரி பண்றவங்க இருக்காங்க, பாருங்க"ங்கறாரு. விசாரிச்சேன், குறைஞ்சது 40,000, கிடைக்கும்னு உறுதி இல்லையாம். 18,800 வாங்குனப்ப டீ, இப்ப ஒரு சேர் கூட போடல.

இதுக்கு மேல ஒண்ணு. அக்கா பையன் உயிரோட இருக்கற டிஸ்க்க கழட்டி நேரா மாட்டி, டிஸ்க்கோட நிலைமைய காட்டுற கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோங்கற சாஃப்ட்வேர்ல பாத்தான். 26,000 மணி நேரம் ஓடியிருக்கு. 14 மாசம் ராப்பகலா ஓடுனாலே 10,000 சொச்சம்தான் வரும், நான் ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் போடுறவன். புதுசுன்னு பில்லு போட்டு பழைய டிஸ்க்க தலையில கட்டியிருக்கான். கம்பெனி சைட்ல சீரியல் நம்பர் போட்டா வாரண்டி எப்பவோ முடிஞ்சிருக்கு.

விவரமா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், கை நடுங்குது, முக்கியமானத மட்டும் சொல்லிடறேன். ரெய்ட் வாங்குனா பில்லுல ரெய்ட் ஒன், மிரர்னு எழுதி வாங்குங்க. ஓடுன மணி நேரத்தையும் சீரியல் நம்பரையும் கடையிலயே பாத்துடுங்க. மிரரா இருந்தாலும் நீங்க ஒரு போட்டோவ அழிச்சா ரெண்டுலயும்தான் அழியும், வைரஸ் வந்தா ரெண்டுலயும்தான் வரும், அதனால வீட்டுக்கு ரெய்டே வேணாங்கறேன், ஒத்த டிஸ்க் போட்டு, தனியா ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்ல காப்பி எடுத்து கழட்டி வேற வீட்ல வைங்க. பழைய டிஸ்க்க யாருக்கும் குடுக்காதீங்க. ஏமாந்திருந்தா 1915ங்கற நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு போன் பண்ணுங்க, கடை பாண்டிச்சேரியில இருந்தாலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நம்ம கடலூர்லயே கேஸ் போடலாம்.

அப்புறம் டக் டக்னு சத்தம் வந்தா உடனே பிளக்க புடுங்கிடுங்க, திரும்ப ஆன் பண்ணவே பண்ணாதீங்க. டிஸ்க்குள்ள படிக்கிற ஹெட்டு, டேட்டா இருக்கற தட்டை கீறிச்சுன்னா ரெக்கவரிக்காரங்களாலயும் எடுக்க முடியாதாம். நான் நாலு தடவை ஆன் பண்ணிட்டேன்.