கோத்தகிரி மூளை அலை வகுப்பு: மதிப்புரை

கோத்தகிரியில் சனி, ஞாயிறு நடக்கும் இந்த வகுப்பில் ஆளுக்கொரு மூளை அலைப் பட்டை தருகிறார்கள். நெற்றியில் இரண்டு, காதுகளுக்குப் பின்னால் இரண்டு என நான்கு உலர் மின்முனைகள். மூளையின் மின் அலைகள் செல்பேசித் திரையில் கோடுகளாக ஓடும்.

பட்டை பிடிப்பதெல்லாம் சில பத்து மைக்ரோவோல்ட். அதனால் மலைக்குளிரே முதல் எதிரி. நெற்றியில் தேய்த்த தைலம், தலைக்கு வைத்த எண்ணெய், பனியில் வறண்ட தோல், எது இருந்தாலும் கோடு கிறுக்கலாகிவிடும். ஈரத்துணியால் துடைத்து, ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் தொட்டு, இரண்டு நிமிடம் பொறுங்கள். ஹீட்டரும் சார்ஜரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைக் கலக்கும், தள்ளி உட்காருங்கள். கம்பளிக் குல்லாவும் வேண்டாம்.

பட்டை வேலை செய்கிறதா என்பதற்கு ஒரே சோதனை: கண்ணை மூடினால் 8 முதல் 13 ஹெர்ட்ஸ் ஆல்ஃபா அலை எழ வேண்டும், திறந்தால் அடங்க வேண்டும். ஆல்ஃபா வலுவாக இருப்பது பின்மண்டையில். அங்கே இந்தப் பட்டைக்கு முனையே இல்லை. ஆகவே காதுப்பக்கக் கோட்டைப் பாருங்கள். நெற்றிக் கோட்டில் பெரிதாகத் துள்ளுவது கண் சிமிட்டல், பொடிப்பொடியாக அதிர்வது தசை. பல்லைக் கடித்தாலே திரையில் வரும் ‘அமைதி மதிப்பெண்’ மாறிவிடும் என்பதை வகுப்பில் சொல்லியிருக்கலாம்.

இதுவரை கொடுத்த காசுக்குக் குறையில்லை. ஞாயிறு பிற்பகல்தான் சறுக்குகிறது. அலைதான் மனம், ஆகவே மனம் வெறும் பருப்பொருள், மதங்கள் சொன்ன ஆன்மா பொய் என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார்கள். 1924இல் மனித மூளை அலையை முதலில் பதிவு செய்த ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கரோ, மனத்துக்கு மனம் செய்தி போகும் என்று நம்பி அதைத் தேடப் போனவர். கருவி இரண்டு பக்கத்துக்கும் சாட்சி சொல்லவில்லை. மயக்க மருந்தில் அலை மாறுகிறது, நினைவும் போகிறது, உறவு உறுதி. ஆனால் மூளையின் வேலையோடு வலி என்ற அனுபவம் ஏன் கூடவே வருகிறது? இதைத்தான் 1995இல் தத்துவ அறிஞர் டேவிட் சால்மர்ஸ் ‘கடினமான சிக்கல்’ என்று தனியே பிரித்தார். வகுப்பில் அந்தப் பேச்சே இல்லை.

மதத்தைப் பற்றிச் சொன்னதும் பிழை. சைவ சித்தாந்தத்தில் மனம் ஆன்மா அல்ல. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் நான்குமே மாயையின் விளைவு, தானாக அறியாத சடம். மனம் பருப்பொருள் என்றால் சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் மறுக்க மாட்டார்; அதைக் கொண்டு அறிபவன் யார் என்றுதான் கேட்பார். வகுப்பின் வாதமும் புதிதல்ல. தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் கூடினால் கள்ளின் வெறி பிறப்பதுபோல், நிலம், நீர் முதலான பூதங்கள் கூடி உணர்வு பிறக்கிறது என்று மணிமேகலையில் வரும் பூதவாதி எப்போதோ சொல்லிவிட்டான். அவனுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் அந்தப் பிற்பகல் பிழைக்கும்.

சனிக்கிழமைக்கு மட்டும் கட்டணம் வாங்குவார்களா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.