ஓக் பெட்டி, எட்டு நாள் கடிகாரம்: பல வருடம் கூடவே இருந்து பார்த்ததில்

இங்கிலாந்தில் எங்கள் யார்க்‌ஷயர் வீட்டு ஹாலில் நிற்கும் கிராண்ட்ஃபாதர் கடிகாரம் (உயரமான மரப்பெட்டிக்குள் பெண்டுலம் ஆடும் நிலைக்கடிகாரம்) 1800-ஐ ஒட்டிச் செய்தது. ஓக் பெட்டி, வெள்ளை பெயிண்ட் டயல். வாரம் ஒரு தடவை சாவி கொடுத்தால் போதும். இப்படி ஒன்றை வாங்கப் போகிறவர்கள் விலையைப் பிறகு பேசிக்கொள்ளலாம். மெஷினும் பெட்டியும் ஆரம்பத்திலிருந்தே ஒன்றாக இருந்தவையா என்பதை முதலில் பாருங்கள்.

டயலை மூடியிருக்கும் மேல் கூண்டை முன்பக்கமாக இழுத்தால் வந்துவிடும். மெஷின் ஒரு பலகைமேல் உட்கார்ந்திருக்கும். அந்தப் பலகையைப் பெட்டியின் இரண்டு பக்கச் சட்டங்கள் தாங்கும். அங்கே டார்ச் அடியுங்கள். சட்டத்தின்மேல் கட்டை வைத்து உயர்த்தியிருந்தாலோ, அறுத்துத் தாழ்த்தியிருந்தாலோ அது வேறு பெட்டியில் இருந்த மெஷினாக இருக்கலாம். கூண்டுக்குள் டயலைச் சுற்றி இடைவெளி தெரிந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். எங்களுடையதில் ஒரு சட்டத்தில் பழைய மரத்துண்டு ஒட்டியிருக்கிறது. ஆனால் டயல் கச்சிதமாகப் பொருந்துகிறது. பின்பலகையில் பெண்டுலம் குண்டு உரசிய வளைகோடும் ஒன்றே ஒன்றுதான், இப்போதைய குண்டின் உயரத்திலேயே இருக்கிறது. அதனால் அந்தத் துண்டை பழுது பார்த்த அடையாளமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

டயலில் உள்ள பெயரை நம்பி அதிக விலை கொடுக்காதீர்கள். பர்மிங்காமில் 1772 வாக்கில் இந்த பெயிண்ட் டயல்கள் விற்பனைக்கு வந்தன. அவற்றை வாங்கிப் பொருத்திய உள்ளூர்க் கடிகாரக்காரர்களின் பெயர்தான் பெரும்பாலும் அதில் இருக்கும். அந்த எழுத்து ஈரத்துணி பட்டாலே அழியும் அளவுக்கு லேசானது. பளிச்சென்று இருந்தால் பின்னாளில் யாரோ மேலே எழுதியிருக்க வாய்ப்புண்டு. பெட்டியின் அடிப்பாகத்தையும் குனிந்து பாருங்கள். ஈரக் கல்தரையில் நின்று உளுத்துப்போன அடியை அறுத்துவிட்டவை ஏராளம். அது மதிப்பைக் குறைக்கும்.

வந்த புதிதில் கடிகாரம் வாரக் கடைசி நெருங்கும்போது நின்றுவிடும். மெஷினை ஓட்டும் எடைக்குண்டுகள் பெண்டுலம் குண்டின் உயரத்துக்கு இறங்கும் நேரம் அது. பெட்டி துளி ஆடினாலும் எடைகளும் சேர்ந்து ஊசலாடும். பெண்டுலத்தின் வேகம் செத்துவிடும். பின்பலகையைச் சுவரோடு சேர்த்து ஸ்க்ரூ போட்டதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. வெயில் காலத்தில் கொஞ்சம் தாமதமாக ஓடும். பெண்டுலத்தின் எஃகுக் கம்பி நீள்வதால் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் நாளுக்கு சுமார் 5 விநாடி பின்தங்கும். அதைக் குறையென்று நான் சொல்லமாட்டேன்.

மதிப்பு என்று பார்த்தால், 2000-களின் தொடக்கத்துக்குப் பிறகு இங்கே இவற்றின் விலை நன்றாகவே விழுந்துவிட்டது. சாதாரண ஓக் பெட்டிக் கடிகாரம் ஏலத்தில் சில நூறு பவுண்டுக்கே கிடைக்கிறது. மெஷினைப் பிரித்துத் துடைத்து, தேய்ந்த அச்சுத்துளைகளுக்குப் புஷ் (சிறு உலோக வளையம்) போட்டு ஓடவைக்கும் செலவு சிலசமயம் அந்த விலையைத் தொட்டுவிடும். எனவே ஓடாத கடிகாரத்துக்கு விலை பேசும்போது அந்தக் கூலியை முதலிலேயே கழித்துக்கொள்ளுங்கள்.