ஏஐ-யிடம் ஜோக்: ஆங்கிலத்தில் கேட்பதா, தமிழில் கேட்பதா?

ஆண்டு விழாவுக்கோ பிரிவுபசாரத்துக்கோ தொகுத்துப் பேசப்போகிற பலர் இப்போது சாட்ஜிபிடியிடம் ஜோக் கேட்கிறார்கள். எந்த மொழியில் கேட்பது என்பதில்தான் குழப்பம்.

புதுமை
ஆங்கிலம்: சரளமாக வரும், ஆனால் பழசு. 2023-இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஆங்கிலத்தில் 1,008 ஜோக்குகளைக் கேட்டு வாங்கினார்கள். 90 சதவீதத்துக்கும் மேல் அதே 25 ஜோக்குகள்தான்!
தமிழ்: அந்த ஆங்கில ஜோக்குகளே பல நேரம் வேஷம் மாற்றி வருகின்றன. சிலேடை வழியிலேயே செத்துவிடும்.

பேச்சு நடை
ஆங்கிலம்: குறையில்லை.
தமிழ்: இங்கேதான் அடி. நம் டாக்டர்-நோயாளி, மன்னர்-அமைச்சர் ஜோக்குகள் பேச்சுத்தமிழில் வாழ்பவை. ஏஐ-யின் நோயாளியோ செய்தி வாசிப்பவர் மாதிரிப் பேசுகிறார். இந்த மாடல்கள் படித்ததில் பெரும்பகுதி ஆங்கிலம். தமிழ் மிகக் குறைவு, அதிலும் பேச்சுத்தமிழ் இன்னும் குறைவு. நம் நகைச்சுவை இவ்வளவு வளமாக இருந்தும் இந்த நிலை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

செலவு
சாதாரணமாகக் கேட்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஏபிஐ வழியாக, அதாவது உங்கள் சொந்தச் செயலியோடு ஏஐ-யை இணைத்துப் பயன்படுத்தினால், தமிழுக்குக் கூடுதல் டோக்கன் (ஏஐ எழுத்தை வெட்டிக் கணக்கிடும் சிறு துண்டு) ஆகும், காசும் கூடும்.

ஆங்கிலம் புழங்கும் அலுவலகக் கூட்டம் என்றால் ஆங்கிலத்திலேயே கேளுங்கள். கூட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்லிக் கேட்டால் பழசு குறையும். தமிழ் மேடைக்குத் தமிழில்தான் கேட்க வேண்டும், மொழிபெயர்ப்பு வேண்டவே வேண்டாம். உங்கள் ஊர்ப் பேச்சில் இரண்டு ஜோக்குகளை மாதிரிக்குக் கொடுங்கள், பத்து எழுதச் சொல்லுங்கள். அப்புறம் ஒன்றை எடுத்து, கடைசி வரியை நீங்களே எழுதுங்கள்.