வம்புக்காரர் யார், சண்டைக்காரர் யார்? தமிழ் லெக்சிகனில் தேடிய அனுபவம்

தொடக்கநிலை 5 படிக்கும் என் மகன், "எங்கள் புளோக்கில் ஒரு சண்டைக்காரர் இருக்கிறார்" என்று கட்டுரையில் எழுதியிருந்தான். பாட்டி பார்த்துவிட்டு, "அவர் சண்டைக்காரர் இல்லடா, வம்புக்காரர்" என்றார். லிஃப்டுக்குக் காத்து நிற்கும்போதுகூட செருப்பை ஏன் வெளியே விட்டீர்கள், செடியை ஏன் இங்கே வைத்தீர்கள் என்று ஆரம்பிக்கும் மனிதர் அவர். இரண்டும் ஒன்றுதானே என்று பையன் கேட்க, எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. சரி, பார்த்துவிடலாம் என்று சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைத் திறந்தேன்.

1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வந்த அகராதி, இப்போது சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தமிழிலேயே தட்டலாம். பொருள் தமிழிலும் ஆங்கிலத்திலும் வருவதால் இங்கே சிங்கப்பூரில் வளரும் பிள்ளைகளுக்கு ரொம்ப வசதி.

'வம்பு' என்று போட்டதும் அசந்துபோனேன். நிலையின்மை, புதுமை, வாசனை, கச்சு என்று எங்கெங்கோ போய், சண்டையும் அதில் ஒன்றாக நிற்கிறது! தொல்காப்பியத்திலேயே "வம்பு நிலையின்மை" என்றுதான் இருக்கிறது. அகநானூற்றின் 'வம்ப மோரியர்' வம்பு பண்ணியவர்கள் அல்ல, புதிதாக வந்த மோரியர்கள், அதாவது மௌரியர்கள் என்று சொன்னபோது பையனுக்குக் கண் விரிந்தது.

ஆனால் அவன் கேட்ட வித்தியாசம் பொருள் வரிசையைப் படித்தால் மட்டும் பிடிபடாது. அதைப் பாட்டிதான் ஒரு பழமொழியில் காட்டினார்: "சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம்." இதில் சண்டைக்காரன் என்பது நமக்கு எதிரே நிற்கும் ஆள், அவ்வளவுதான். சமாதானம் ஆகிவிட்டால் அந்தப் பெயரும் போய்விடும். வம்புக்காரருக்குக் காரணமே வேண்டாம், சும்மா போகிறவரையும் இழுப்பார், அதனால்தான் 'வம்புக்கு இழுக்கிறான்' என்கிறோம். நாரதரைக் கலகப்பிரியர் என்போமே, அது இன்னொரு வகை, அவர் மற்றவர்களை மோதவிடுபவர்.

குறை என்றால், மேற்கோள் நூல்களின் பெயர்கள் சுருக்கமாக இருக்கும், பிள்ளைகளுக்குத் தனியாகப் புரியாது. அகராதிக்கும் வயதாகிவிட்டது, இன்றைய பேச்சு வழக்கை அதில் தேட முடியாது. அதனால் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், கூடவே உட்காருங்கள், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் கூப்பிடுங்கள். எங்கள் வீட்டில் அன்று சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளிப்போனது, மகன் 'சண்டைக்காரர்' என்பதை அடித்துவிட்டு அவனாகவே 'வம்புக்காரர்' என்று எழுதினான்.