சின்ன உடல், பழைய பாணி அகூஸ்டிக் கிடார்: வருடக்கணக்கில் புழங்கினால் தெரிவது

சன்பர்ஸ்ட் நிறம், துளையிட்ட தலைப்பகுதி, தந்த நிறத்தில் ட்யூனர் குமிழ்கள். சின்ன கிடார் வாங்கும் ஆசை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. மூன்றாவது வருடத்தில் இவை எதுவும் கண்ணில் படாது. கைக்குத் தெரிவது வேறு: நட் (கழுத்தின் தலைமுனையில் கம்பிகளைத் தாங்கும் பட்டை) எத்தனை மில்லிமீட்டர், பிரிட்ஜ் (மேல்பலகையில் கம்பிகளைக் கட்டும் கட்டை) எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது, கம்பி எவ்வளவு இழுக்கிறது. மரத்தைப் பற்றிய விவாதமெல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

முதலில் அளவுகள். மார்ட்டின் நிறுவனம் வகுத்த எண்களைத்தான் பலரும் பின்பற்றுகிறார்கள். உடலின் கீழ்ப்பகுதி அகலம் 0 அளவில் 13½ அங்குலம், 00-வில் 14 அங்குலத்துக்குச் சற்று மேல், 000-வில் 15. கிப்சன் எல்-00 வகை இவற்றுக்கு இடையில், 14¾. பெரிய உடல் கொண்ட ட்ரெட்நாட் 15⅝ தான். அப்படியானால் 000-வுக்கும் அதற்கும் முக்கால் அங்குலம்கூட வித்தியாசமில்லையே என்று தோன்றும். வித்தியாசம் இடுப்பிலும் ஆழத்திலும் இருக்கிறது. உட்கார்ந்து வாசிக்கும்போது வலது தோள் உயராமல் இருப்பது அந்த ஒடுங்கிய இடுப்பால்தான். ‘பார்லர்’ என்று சின்ன கிடார்களுக்குச் சொல்லும் பெயருக்கு நிலையான அளவு கிடையாது. பெயரை விட்டுவிட்டு டேப்பை எடுத்து அளப்பதே சரி.

அடுத்தது 12-ஃபிரெட்டா, 14-ஃபிரெட்டா என்பது, அதாவது கழுத்தின் எத்தனையாவது ஃபிரெட்டில் (உலோகக் குறுக்குக் கோட்டில்) உடல் சேருகிறது என்பது. ஒலியை உண்மையில் பிரிக்கும் கேள்வி இதுதான். ஸ்கேல் என்பது நட்டிலிருந்து, பிரிட்ஜில் கம்பி அமரும் பட்டையான சாடில் வரையுள்ள நீளம். 25.4 அங்குல ஸ்கேலில், கழுத்து உடலோடு சேரும் இடத்திலிருந்து சாடில் வரை 12-ஃபிரெட்டில் சுமார் 323 மி.மீ., 14-ஃபிரெட்டில் 287 மி.மீ. அதாவது 12-ஃபிரெட்டில் பிரிட்ஜ் ஒலித்துளையை விட்டு விலகி, மேல்பலகை அகலமாக அசையும் நடுப்பகுதிக்கு இறங்குகிறது. அதனால் சின்ன உடலிலிருந்தும் தடித்த, உருண்ட ஒலி வரும். 14-ஃபிரெட்டில் ஒலி இறுக்கமாக, வேகமாகக் கிளம்பும். பிக் பிடித்து வாசிப்பவர்களுக்கு இது பிடிக்கும். 12-ஃபிரெட்டின் இன்னொரு வசதி, நட் உடலுக்கு நெருங்கி வருவதால் இடது கை குறைவாக நீட்டினால் போதும். விலையாகக் கொடுப்பது மேல் ஃபிரெட்டுகளை. ஐந்தாவதில் கேப்போ (கம்பிகளை அழுத்தும் கவ்வி) போட்டால் உடல் சேருமிடம் வரை ஏழே ஃபிரெட்தான்.

பலமாக ஸ்ட்ரம் செய்பவர்கள் இந்த வகையையே தவிர்க்கலாம். ஒரு கட்டத்துக்கு மேல் எவ்வளவு அடித்தாலும் சத்தம் கூடாது, நசுங்கித்தான் போகும். விரலால் மீட்டுபவருக்கு அதே குணம் வரம். மெல்லத் தொட்டாலே பலகை பதில் சொல்லும், மைக்கிலும் தாழ்ந்த ஒலி முழங்காது.

நட் அகலத்தில் 43, 44.5, 47.6 மி.மீ. என்ற மூன்றுதான் அதிகம் வரும். ஒன்றரை மி.மீ. என்ன செய்துவிடும் என்று அலட்சியம் வேண்டாம். விரல் தடித்தவர்களுக்கு 43-ல் பக்கத்துக் கம்பி செத்துப்போகும். 47.6-ல் கட்டைவிரலை மேலே வளைத்து ஆறாவது கம்பியைப் பிடிப்பவர்கள் திணறுவார்கள். விரல்மீட்டலுக்கு 44.5 பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். சாடிலில் முதல் கம்பிக்கும் ஆறாவதற்கும் உள்ள தூரத்தையும் அளந்துகொள்ளுங்கள். 55 மி.மீ.-க்குக் கீழே போனால் வலது கை நெருக்கடி. பழைய பாணி ‘வி’ வடிவக் கழுத்து கையில் பழகச் சில வாரம் எடுக்கும். ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்தும் பாரே கார்டு அதிகம் பிடிப்பவருக்குப் பல சமயம் பழகுவதே இல்லை.

கம்பியில்தான் அதிகம் தவறு நடக்கிறது. பலகைக்கு அடியில் குறுக்குச்சட்டங்கள் ஏணிபோல் அமைந்த லேடர் பிரேஸிங் கொண்டவற்றுக்கு 11-52 தான் எல்லை (முதல், ஆறாவது கம்பிகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகளில்). சட்டங்கள் எக்ஸ் வடிவில் குறுக்கிடும் எக்ஸ் பிரேஸிங் என்றால் 12-53 வரை போகலாம், அதுவும் தயாரிப்பாளர் அனுமதித்தால். குடல் கம்பிக்காகக் கட்டப்பட்ட அசல் பழைய கிடாரில் எஃகுக் கம்பியே கூடாது. கனமான கம்பி போட்டால் பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை புடைக்கும், முன்னால் குழியும், கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் உள்ள இடைவெளியான ஆக்‌ஷன் ஏறும். சிறிய பிரமிட் பிரிட்ஜ் என்றால் ஒட்டும் பரப்பு குறைவு, பெயர்ந்தே வந்துவிடும். ஸ்கேல் 24.9 ஆனால் அதே கம்பியில் இழுவை சுமார் 4 சதவீதம் குறைகிறது. வளைத்து வாசிக்க இதம். ஆனால் ஆறாவதை டி சுருதிக்கு இறக்கினால் தொளதொளக்கும். அந்த ஒரு கம்பியை மட்டும் 56 ஆக்கினால் சரியாகிவிடும்.

பழையது வாங்கினால் நேரான அளவுகோல் ஒன்றை ஃபிரெட்டுகள் மேல் படுக்க வைத்து நீட்டுங்கள். முனை பிரிட்ஜின் மேல்விளிம்பைத் தொட வேண்டும். அதற்குக் கீழே இடித்தால், சாடிலும் ஏற்கனவே தேய்த்துத் தாழ்ந்திருந்தால், கழுத்தைக் கழற்றிக் கோணம் திருத்தும் பெரிய வேலை காத்திருக்கிறது. பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள்; உள்ளே போனால் ஒட்டு விட்டிருக்கிறது. பலகையை விரல்முட்டியால் ஆங்காங்கே தட்டினால், பிரிந்த பிரேஸ் இருந்தால் கரகரக்கும். கண்ணாடியும் விளக்கும் வைத்து உள்ளே கம்பி முனைக் குண்டுகள் பிரிட்ஜ் தட்டை (பிரிட்ஜுக்கு நேர் அடியில் உள்ள மரத்தட்டை) அரித்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

ஆக்‌ஷனுக்கு 12-ஆவது ஃபிரெட்டில் ஆறாவது கம்பி 2.4 மி.மீ., முதல் கம்பி 1.8 நல்ல தொடக்கம். அங்கே அரை மி.மீ. குறைக்க சாடிலில் ஒரு மி.மீ. தேய்க்க வேண்டும். பழைய பாணியில் பிரிட்ஜின் இரு ஓரமும் திறந்த நீள சாடிலை ஒட்டியே வைத்திருப்பார்கள். அதைக் கழற்றி அடியில் தேய்க்க முடியாது, மேலிருந்துதான் செதுக்க வேண்டும். சாடிலுக்கு அடியில் வைக்கும் பிக்கப்பும் எளிதில் பொருந்தாது. பிரிட்ஜ் தட்டில் உள்ளே ஒட்டும் வகையைத் தேர்ந்தெடுப்பது நிம்மதி.

திறந்த பல்சக்கர ட்யூனர்கள் சுருதி நிற்கவில்லை என்று பழி சுமப்பவை. முதலில் நட் பள்ளங்களில் பென்சில் கரியைத் தேய்த்துப் பாருங்கள், பாதி வழக்கு அங்கேயே முடியும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் தண்டுகளின் மையத்திலிருந்து மையத்துக்கு உள்ள தூரத்தை அளந்துவிட்டு வாங்குங்கள். துளைத்தலையில் கம்பி மாற்ற இரட்டிப்பு நேரம் ஆகும். சுற்றிய கம்பி துளைச் சுவரில் உரசாமல் இரண்டு மூன்று சுற்றோடு நிறுத்த வேண்டும்.

ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருக்கட்டும். காய்ந்தால் ஃபிரெட் முனைகள் ஓரத்தில் குத்தும், பலகை தட்டையாகி ஆக்‌ஷன் இறங்கிக் கம்பி இரையும். ஈரம் கூடினால் எதிர்மாறாக ஏறும். இந்த ஏற்ற இறக்கத்துக்காகச் சாடிலை அவசரமாகத் தேய்த்துவிட்டு, காற்று காய்ந்ததும் புதிய சாடில் செய்பவர்கள் அதிகம். நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர்) பூச்சு உள்ளதை ரப்பர் பட்டை வைத்த ஸ்டாண்டில் நிறுத்தினால் பூச்சு இளகி ஒட்டிக்கொள்ளும்; பருத்தித் துணி சுற்றுங்கள். பெட்டி வாங்கும்போதும் கவனம்: 12-ஃபிரெட் 000-வின் உடல் 14-ஃபிரெட்டை விட சுமார் ஓர் அங்குலம் நீளம், வழக்கமான 000 பெட்டியில் உட்காராது.