கோடை மலையேற்றத்துக்கு ஒரு வாயில் புடவை: நான்கு வருட அனுபவம்

முதல் தடவை ஏலகிரியில் கூடாரம் போட்டது ஏப்ரலில். 1.3 கிலோ ஸ்லீப்பிங் பேக்கைச் சுமந்துகொண்டு போயிருந்தேன். பத்து மணிக்கு உள்ளே நுழைந்து ஜிப்பை இழுத்தவன், பத்தரைக்கெல்லாம் வேர்வையில் ஊறி வெளியே வந்துவிட்டேன். விடியும்வரை அதை ஜமுக்காளமாக விரித்துத்தான் படுத்தேன்.

உறையில் 5 டிகிரி குளிர்வரை தாங்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததைப் பார்த்து வாங்கிய பை அது. ஏலகிரி, ஜவ்வாது, கொல்லிமலை என்று அதன்பிறகு நான் தங்கிய எந்தக் கோடை இரவிலும் என் குட்டி வெப்பமானி 19-க்குக் கீழே இறங்கவில்லை. அந்தப் பையை டிசம்பர் கொடைக்கானலுக்கென்று பரணில் போட்டுவிட்டேன்.

சரி, போர்த்திக்கொள்ள என்ன? கடையில் விற்கும் பட்டு லைனர் (உள்ளே நுழைந்து படுக்கும் மெல்லிய துணிப்பை) 150 கிராம்கூட இருக்காது, ஆனால் விலை கட்டுப்படியாகவில்லை. அம்மாவின் பழைய வாயில் (voile என்கிற மெல்லிய துணி) புடவையில் நாலரை மீட்டர் வெட்டி, இரண்டாக மடித்து, பக்கங்களைத் தைத்துத் தரச் சொல்லி தெருமுனை டெய்லரிடம் கொடுத்தேன். "தலையணை உறையா தம்பி? யாருக்கு, யானைக்கா?" என்றார். சமையலறைத் தராசில் 280 கிராம். மிச்சத் துணியில் நிஜமாகவே ஒரு தலையணை உறை. மாற்றுத்துணியைத் திணித்தால் தலையணை தயார். வாயில் காற்றை விடும், உடம்பில் ஒட்டாது, அலசிப் பாறையில் விரித்தால் சீக்கிரம் காய்ந்துவிடும். நான்கு வருடத்தில் கால்மாட்டுத் தையல் மட்டும் ஒருமுறை விட்டுப்போனது. இரட்டைத் தையல் போட்டபிறகு தொந்தரவு இல்லை.

உண்மையில் தூக்கத்தைக் கெடுப்பது கீழே இருக்கும் தரைதான். காற்றுக்கு முதுகு காட்டிப் படுக்கலாம். தரைக்கு எதைக் காட்டுவது? மூன்று மணிக்குமேல் பாறை சூட்டையெல்லாம் விட்டபிறகு உடம்புச் சூட்டை உறிஞ்ச ஆரம்பிக்கும். முதலில் ஊதுகிற மெத்தை வாங்கினேன். வேர்த்த முதுகு அதில் ஒட்டிக்கொண்டது, புரண்டால் கிறீச் கிறீச். மூன்றாம் பயணத்தில் ஒரு கருவேல முள் அதன் கதையை முடித்தது. கோரைப்பாயும் முயன்றேன். அதன் குளுமைக்கு ஈடே இல்லை, ஆனால் உண்ணிச்செடிப் புதருக்குள் நுழையும்போதெல்லாம் சுருட்டிய பாய் மாட்டிக்கொண்டு என்னைப் பின்னால் இழுத்தது.

கடைசியில் நிலைத்தது 400 கிராம் மடிப்பு ஃபோம் மேட். முள் குத்தினாலும் கவலையில்லை. மதியம் டீ போடும்போது ஆசனமாகவும் ஆகும். இடுப்பு படும் இடத்தில் இப்போது அப்பளம்போல் தட்டையாகிவிட்டது. போன மாதத்திலிருந்து தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பிப் போட்டுப் படுக்கிறேன். இன்னும் ஒரு கோடை தாங்கும்.

கொசுவலை 200 கிராம். அதில் மட்டும் கஞ்சத்தனம் பார்த்ததில்லை.